பட்டினி போடாத நத்தை

மகன் வீட்டை விட்டுப் போன பிறகு மாமனாரும் மருமகளும் அந்த வீட்டில் மிஞ்சினார்கள். மகன் போனது இன்னொருத்தியோடு. போகும்போது அப்பாவையும் கூப்பிட்டான். "பெட்டி கட்டினது நீ. நான் ஏன் கிளம்பணும்?" என்று கேட்டுவிட்டு அவர் செய்தித்தாளைப் புரட்டினார். அதற்குமேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எடுக்கப்படவில்லை.

மாமனார் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் அடுத்தவர் முதுகைப் பார்த்தபடி நின்ற மனிதர் என்பதால், பேசுவதைவிடப் பேசாமல் இருப்பது அவருக்கு எளிதாக வந்தது. மருமகளுக்குப் பெரிய சலவை நிலையம் ஒன்றில் வேலை. தங்கும் விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்தபின் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுக்க வேண்டும். இந்தப் பக்கம் இவள் விடுவாள், அந்தப் பக்கம் இன்னொருத்தி மடித்து வாங்குவாள். நாள் முழுக்க நீராவியில் நின்றபடி செய்கிற வேலை.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் விரிப்பின் முனையைப் பிடித்தபடியே அவள் சரிந்து விழுந்தாள். எதிர்ப்பக்கத்துக்காரி சட்டென்று இயந்திரத்தை நிறுத்தியதால் விரல்கள் தப்பின.

இரத்தம் குறைவு என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் விழுந்த மாத்திரை குமட்டியது; வயிற்றை நிரப்பவோ அவளுக்குப் பசி இல்லை. மாமனார் ஈரல் வாங்கி வந்து வதக்கினார். வாசனை வந்ததுமே எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். பேரீச்சம்பழ டப்பா அலமாரியில் வாங்கியபடியே இருந்தது. எதைக் கேட்டாலும் "பசிக்கலை மாமா" என்பதுதான் பதில்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு மாமனாரும் கூடப் போனார். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தரும் நர்ஸ், தினமும் பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில் ஒப்பித்தாள்.

"ஈரல் ஆகலைன்னா கீரை, பயறு, முட்டை, மீன். நத்தை சாப்பிடுற பழக்கம் இருந்தா அதுவும் நல்லதுதான். புரதம் இருக்கு, இரும்பு இருக்கு, கொழுப்பு கம்மி."

மருமகள் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. மாமனார் சிரிக்கவில்லை.

"எந்த நத்தைம்மா?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினாள். எல்லா நத்தையும் ஆகாது. மாமனார் கைபேசியில் எடுத்துக் காட்டிய, நத்தைகள் ஒட்டியிருந்த கொல்லைப்புறச் சுவர்ப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பழுப்புக் கோடு போட்டது ஆகும் என்றாள்.

"பிடிச்ச உடனே அடுப்புல ஏத்திடக் கூடாது. அது எதைத் தின்னுச்சோ யார் கண்டா? மூணு நாள் தவிடு போட்டு வைங்க. அப்புறம் ஒருநாள் பட்டினி. வயிறு காலியானதும் நல்லா வேகவைங்க. அரை வேக்காடு மட்டும் கூடவே கூடாது."

வீடு திரும்பும் வழியில் மாமனார் தவிடு வாங்கினார்.

முதல் முறை தோற்றார். பட்டினிவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் பிசுக்கைக் கழுவாமல் பானையில் போட்டதில் வெள்ளை நுரை பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. இரண்டாம் முறை வாளியின் மூடிமேல் கனம் வைக்க மறந்தார். காலையில் மருமகள் சமையலறை விளக்கைப் போட்டபோது சுவரெல்லாம் நத்தை. ஒன்று அவளுடைய சாப்பாட்டு டப்பாவின் மேல் கொம்பை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்திய கத்தலுக்கு அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஓடியா போயிடும்? ஏன் கத்துற?" என்றபடி ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாளியில் போட்டார்.

மூன்றாம் முறை கைவந்தது. உப்பும் வினிகரும் போட்டுத் தேய்த்து, பிசுக்குப் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசினார். வேகவைத்து, ஊக்கால் சதையை ஓட்டிலிருந்து உருவி, சுருண்ட கறுப்பு முனையை வெட்டி எறிந்தார். மறுபடியும் நெடுநேரம் வேகவைத்து, வெங்காயம், பூண்டு, மிளகு சேர்த்து வதக்கினார். தட்டில் வைத்துக்கொண்டு தான் மட்டும் சாப்பிட்டார். அவளைக் கூப்பிடவில்லை.

"எப்படி இருக்கு?" என்று அவள்தான் நிலைப்படியில் சாய்ந்து கேட்டாள்.

"செருப்பு மாதிரி இருக்கும்னு நினைச்சேன். அப்படி இல்லை."

அன்று அவள் போய்ப் படுத்துவிட்டாள். அடுத்த வாளி தயாரானபோது ஒரு துண்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். மென்றாள். கண்ணைத் திறந்தாள்.

"காளான் மாதிரி இருக்கு மாமா."

"ம்."

"ஆனா வெளிய மூச்சு விடக் கூடாது. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான், இவ நத்தை பொறுக்கித் திங்கிறான்னு பேசுவாங்க. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது."

அவர் தலையாட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். தூறலில் குனிந்து சுவரோரம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். அவர் பள்ளி நேரம் போக மீதி நேரத்தை முட்டைக்கோசுப் பாத்திகளோடு கழிப்பவர்.

"என்ன பண்றீங்க?"

"செடியைக் காப்பாத்தறேன்."

அந்தக் கொல்லையில் காப்பாற்ற ஒரு செடியும் இல்லை. வாத்தியார் அதைக் கவனிக்காமல், "நல்ல காரியம். என் கோசு இலையெல்லாம் சல்லடையாப் போச்சு. இதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மழை வலுக்க வலுக்க நத்தைக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று. சோற்றோடு ஏதோ ஒன்று வயிற்றில் தங்கியதால் மாத்திரையும் குமட்டாமல் இறங்கத் தொடங்கியது. பிறகு, எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை, பசி திரும்பியது. சலவை நிலையத்தில் தன் டப்பாவைக் காலி செய்துவிட்டு எதிர்ப்பக்கத்துக்காரியின் டப்பாவைப் பார்த்தாள். அவள் பாதியை இவள் பக்கம் தள்ளிவைத்தாள். மறுபடி இரத்தம் சோதித்தபோது எண் ஏறியிருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்றார் டாக்டர். நத்தையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. எது எவ்வளவு வேலை செய்தது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அவளுக்கு அகோரப் பசி. தவிட்டு வாளி காலி. முந்தைய வாரமே தீர்ந்துவிட்டது. கொல்லைக்குப் போனால் சுவர் முழுக்க நத்தை. வழக்கத்தைவிட மந்தமாக இருந்தன. சில சுவரடியில் நுரை தள்ளிக் கிடந்தன. மழை அதிகம், அதனால் இருக்கும் என்று நினைத்தாள். நுரை தள்ளியவற்றை விட்டுவிட்டு, நகர்ந்துகொண்டிருந்தவற்றைப் பொறுக்கினாள். தவிடும் பட்டினியும் இல்லாமல் ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடும்? மற்ற எல்லாவற்றையும் அவர் செய்வதுபோலவே செய்தாள், நன்றாகவே வேகவைத்தாள். அவருக்கு இன்று ஒரு வேளை ஓய்வு கொடுக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது.

"நீயா சமைச்ச? வாளியில மிச்சம் இருந்துச்சா?" என்று கேட்டபடி மாமனார் உட்கார்ந்தார்.

"இருந்துச்சு" என்றாள்.

வீட்டுக்குள் அடுப்பு மணமும் மிளகு மணமும் நிறைந்திருந்தன. மருமகள் முதன்முதலாகத் தானே முன்வந்து நத்தை சமைத்திருந்தாள். அவர் தட்டைச் சுத்தமாகக் காலி செய்து, மறுபடியும் வாங்கிக்கொண்டார். அவள் இரண்டு துண்டு வாயில் போடுவதற்குள் மேற்பார்வையாளர் போன் செய்து மறுநாள் ஷிஃப்டை மாற்றச் சொன்னார். பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது சட்டி காலி.

மாலை சாய்வதற்குள் அவருக்கு வாந்தி தொடங்கியது. பிறகு கை நடுங்கியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவளுக்கும் வயிறு இலேசாக வலித்தது. அதைக் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை. எதிர்ப்பக்கத்துக்காரியின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவளைக் கூப்பிட்டாள். இருவருமாக அவரைத் தாங்கிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

"கடைசியா என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

"கறி."

"என்ன கறி? எங்க வாங்கினீங்க?"

எதிர்ப்பக்கத்துக்காரியின் கை அவள் தோள்மேல் இருந்தது. சுற்றிலும் பெஞ்சுகளில் ஆட்கள்.

"சொல்லுங்கம்மா. தெரிஞ்சாத்தானே வைத்தியம் பாக்க முடியும்?"

"வாங்கலை" என்றாள். "நத்தை. எங்க கொல்லையில பொறுக்கினது. நான்தான் சமைச்சேன். பட்டினி போடலை."

தோள்மேலிருந்த கை ஒரு கணம் கனத்தது. ஆனால் விலகவில்லை.

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. எழுதிக்கொண்டே, "அக்கம்பக்கத்துல யாராவது நத்தைக்கு மருந்து போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். அவள் அங்கேயே நின்று வாத்தியாருக்குப் போன் செய்தாள்.

"ஆமாம்மா, நேத்துதான் போட்டேன். நீலமா உருண்டை உருண்டையா இருக்கும். ஏன், பூனை ஏதாவது தின்னுடுச்சா?"

"எங்க மாமா" என்றாள்.

வாத்தியார் முழங்கால்வரை நனைந்த பேன்ட்டோடு, மருந்துப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். டாக்டர் அதன் முதுகில் இருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார். என்ன மருந்து என்று தெரிந்துவிட்டதால் என்ன செய்வது என்பதும் தெரிந்தது. அவளையும் பரிசோதித்து, பயமில்லை என்றார்கள்.

வாத்தியார் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நனைந்த பேன்ட்டின் நுனியைப் பிழிந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. மருந்தே வாங்கியிருக்க மாட்டேன். நானே பொறுக்கிச் சுவர் மேல வச்சிருப்பேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் மதியத்துக்குமேல் நடுக்கம் நின்றது. சாயங்காலம் மகன் வந்தான். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் நின்று, இந்தப் பக்கம் நின்றவளைப் பார்த்து, "நத்தையைப் போட்டு எங்கப்பாவைக் கொல்லப் பாத்தியா?" என்றான்.

மாமனார் கண்ணைத் திறந்தார். "பழக்கினது நான். அவ மேல பாயாத."

"நீங்க சும்மா இருங்கப்பா. இவ..."

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலைம்பாங்க. இவளுக்குப் பட்டினி போடப் பொறுக்கலை. பசி வந்த பொண்ணு. பசியே இல்லாமக் கிடந்தப்ப நீ பாக்கலையே."

மகன் கையிலிருந்த பழப்பையை மறுகைக்கு மாற்றினான். பிறகு, "டிஸ்சார்ஜ் ஆனதும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க" என்றான்.

மாமனார் மருமகளைப் பார்த்தார்.

"போகணும்னா போங்க மாமா. வாளியில இருந்துச்சுன்னு பொய் சொன்னேன். தப்பு என்னுதுதான்" என்றாள். குரல் உடையவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"உன் வீடு எந்த மாடி?" என்று அவர் மகனைக் கேட்டார்.

"நாலாவது. லிஃப்ட் இருக்குப்பா."

"அப்ப வேண்டாம். ஏறி இறங்கினதெல்லாம் போதும்."

மகன் கொண்டுவந்த ஆரஞ்சுகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அதன்பிறகு மாதம் ஒருமுறை வந்து வாசலோடு பேசிவிட்டுப் போக ஆரம்பித்தான். அதை அவள் தடுக்கவும் இல்லை, உள்ளே வரச் சொல்லவும் இல்லை.

அவள் வேலைக்குத் திரும்பியபோது சலவை நிலையத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. சில நாள் "நத்தை" என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். "நத்தை வயித்துலயும் முத்துப் பொறக்கும், தெரியுமில்ல?" என்று எதிர்ப்பக்கத்துக்காரி ஒருமுறை அவர்கள் வாயை அடைத்தாள். பிறகு வேறு ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பேச்சு அங்கே போய்விட்டது.

வாத்தியார் மிச்ச மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். தன் வீட்டில் மீன் செத்துப்போய்ச் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியைத் தூக்கிவந்து மாமனாரிடம் கொடுத்தார். மண் பரப்பி, வலை மூடி போட்டு, மருந்து படாத கொல்லை ஒன்றிலிருந்து கொண்டுவந்த நத்தைகளை அதில் விட்டார்கள். கோசின் வெளி இலைகள் தினமும் சுவர்மேல் வந்து சேர்ந்தன. நத்தைகள் தின்றன, முட்டையிட்டன, குஞ்சுகள் பெருத்தன. ஆனால் சமைக்கும் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. முட்டையும் பயறும் மாத்திரையுமாக மாதங்கள் ஓடின.

மழை ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிறன்று, "தவிடு போட்டு மூணு நாள் ஆச்சு. நேத்து பட்டினி" என்று அறிவித்துவிட்டு மாமனார் அடுப்பைப் பற்றவைத்தார். எல்லாவற்றையும் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். இரண்டு தட்டு வைத்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் கை தட்டோரம் போய் நின்றது. அவள் தண்ணீர் குடித்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

கொல்லைக் கதவு தட்டப்பட்டது. வாத்தியார் கோசு இலைகளோடு நின்றார். தட்டுகளைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், நிலைமை அவருக்குப் புரிந்தது. இலைகளைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்கும் ஒரு தட்டு வைங்க. என் கோசைத் தின்னுதானே வளந்துச்சு? வரவு செலவு நேராகட்டும்."

அவள் தட்டு வைத்தாள். அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு மென்றார். இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு பத்தலை" என்றார் வாத்தியார்.

"அளவாத்தான் போட்டேன்" என்று மாமனார் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.

"பத்தலைதான்" என்று அவளும் ஒன்றை மென்றபடி உப்பு எடுக்க எழுந்தாள்.