அசதி என்று சொன்னவள்

"கை வலிக்குதா?"

"சே, வலியெல்லாம் இல்லைங்க. அசதி."

"அவ்வளவுதானே? ஒரு தூக்கம் போட்டா சரியாப் போயிடும். நான்கூட பயந்துட்டேன்."

இரண்டு வருடத்துக்கு முந்தைய பேச்சு. கேட்டபோது கணவன் முகத்தில் ஓடிய கலவரத்தைப் பார்த்துத்தான் நாக்கு நுனியில் இருந்த சொல்லை அவள் மாற்றிக்கொண்டாள். கடை அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சொல்தானே என்று நினைத்தாள்.

இருவரும் சேர்ந்து நடத்தும் கேக் கடை அது. அவன் கேக் சுடுவான், அவள் கிரீமில் பூ வைப்பாள். கிரீம் நிரப்பிய கூம்புப் பையை உள்ளங்கையில் இறுக்கி ஒரு பிழி, ஒரு சுழற்று. கண் மூடித் திறப்பதற்குள் ரோஜா மலர்ந்துவிடும். வேகத்தைப் பார்த்து அவன் 'மின்னல்' என்று கூப்பிட ஆரம்பிக்க, வாடிக்கையாளர்களுக்கும் அவள் மின்னலாகிவிட்டாள்.

மின்னல் இன்று ரிப்பன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பிசியோதெரபிஸ்ட்டின் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மாள் கிரீம் பையையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தாள். "எப்பவும் போடற மாதிரி நாலு பூ போடுங்க, பாப்போம்."

மூன்றாவது ரோஜாவில் மின்னலின் பெருவிரல் அடிப்பகுதி இழுத்துக்கொண்டது. உதட்டைக் கடித்தாள்.

"எவ்வளவு நாளா இந்த வலி?"

"வலின்னு இல்லை டாக்டர், அசதிதான்..."

"அசதின்னா தூங்கி எழுந்தா போகணும். காலையில கதவைத் திறக்க முடியுதா?"

மின்னல் தினமும் தோளால் முட்டித்தான் கதவைத் திறக்கிறாள்.

"ஒரே வேலையை ஒரே மாதிரி ஆயிரம் தடவை செஞ்சா தசைநாருக்கும் கோபம் வரும். அதுவும் வாயைத் திறந்து சொல்லத்தான் செய்யுது. நீங்கதான் பேரை மாத்தி வச்சு ஏமாத்தியிருக்கீங்க." சொன்னவள் சிரித்தாள், திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. "ஆறு வாரம் பையைத் தொடக்கூடாது. அப்புறமும் பாதிப் பைதான் நிரப்பணும், கிரீமை இளக விட்டுப் பிழியணும், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கையைத் தொங்கப் போட்டு உக்காரணும். இதே மாதிரி போனீங்கன்னா நாளைக்கு ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாது. வீட்ல யாருக்குத் தெரியும்?"

"அசதின்னு தெரியும்."

அந்த அம்மாள் கொடுத்த மணிக்கட்டுப் பட்டையைக் கைப்பையின் அடியில் திணித்துக்கொண்டு திரும்பினாள். வழியெல்லாம் மகளின் தலைமுடி நினைவுக்கு வந்தது. இடுப்பு வரை தொங்கிய முடி. பின்னல் போட விரல்கள் ஒத்துழைக்கவில்லை என்பதற்காகப் போன வருடம் கழுத்தோடு வெட்டச் செய்துவிட்டாள். "வெயிலுக்கு நல்லதுடி கண்ணு" என்று சாக்கு வேறு. வெட்டிய முடியைப் பார்த்து ஏழு வயசுக் குழந்தை அழாமல் நின்றதே, அதுதான் தாங்கவில்லை. "உனக்கு அசதியா இருக்கும்ல, பரவாயில்லைம்மா" என்றாள். பொய்யைக் குழந்தைக்கும் பழக்கி வைத்திருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவளைக் கேட்காமல் ஒரு ஆர்டர்கூட அவன் எடுத்ததில்லை. போனைக் காதில் வைத்தபடியே அவள் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்துவான். அவள் தலையாட்டுவாள். அதுதான் அவர்களுடைய கணக்கு வழக்கெல்லாம். கொஞ்ச நாளைக்குப் பூ வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறாள். புருவம் உயர்ந்ததும் தலை தானாக ஆடிவிடும்.

கடைக்குள் நுழைந்தபோது போன் அவன் காதில் இருந்தது.

"மூணு அடுக்கா? சுத்தியும் ரோஜாவா? ஒரு நிமிஷம் இருங்கம்மா." போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். "ரிப்பன் எங்க, மின்னல்? கடையையே வாங்கிட்டு வர்றியோன்னு பாத்தேன். கல்யாண கேக்காம். சனிக்கிழமைக்கு. இருநூறு பூ."

புருவம் உயர்ந்தது.

தலை ஆடப் பார்த்தது. அவள் மாவு மேசையின் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"என்ன? நாளு பத்தாதா?"

அவள் கைப்பையைத் திறந்து பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது. போனுக்குள்ளிருந்து "ஹலோ, ஹலோ" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்னது இது? யாருக்கு?"

"எனக்குத்தான். ரெண்டு வருஷமா உங்ககிட்ட பொய் சொல்லிட்டேங்க." அவனுடைய புருவம் இன்னும் இறங்கவில்லை; ஆனால் இப்போது அது கேள்வி கேட்கவில்லை, பயந்துபோயிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பார்க்கப் பொறுக்காத அதே பயம். இந்தத் தடவை அவள் பார்வையை நகர்த்தவில்லை.

"அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடுங்க. என்னால சொல்ல முடியலை, எனக்காக நீங்க சொல்லுங்க. கொஞ்ச நாளைக்குப் பூ இல்லாத கேக் விப்போம்ங்க."