ரேடியேட்டருக்குள் முறைத் தண்ணீர்

கீழக்குளத்தங்கரையில் நின்ற பழைய செயின் டிராக்டரின் ரேடியேட்டருக்குள் மேலக்குளத்துத் தண்ணீரும் கீழக்குளத்துத் தண்ணீரும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டன. இஞ்சின் கொதித்தது.

தப்பு லூர்துவுடையது. டிராக்டரை ஓட்டுகிறவன் அவன். ரேடியேட்டரை நிரப்பத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதற்கு, வழியில் பட்ட மேலக்குளத்தில் ஒரு கேன் மொண்டான். அது பத்தாமல் கரையிறங்கிக் கீழக்குளத்தில் இன்னொரு கேன் மொண்டான். இரண்டு குளத்து ஊர்களுக்கும் மடைத் தண்ணீருக்காக வழக்கு நடப்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்கும் தெரியும். லூர்து வெளியூர்க்காரன்.

"எந்தக் குளத்துத் தண்ணிய ஊத்துன?" என்று மெக்கானிக் வெயிலுமுத்து கேட்டான்.

"ரெண்டுந்தான் அண்ணாச்சி. தண்ணிதான?"

"தண்ணியா ஊத்துன? வழக்கையில்லா ஊத்தி வச்சிருக்க."

வெயிலுமுத்து தன் பங்கு வேலையில் குறை வைக்கவில்லை. வேப்பமரத்தடியில் மண்ணாகிக் கிடந்த வண்டி அது. ரேடியேட்டரைக் கழற்றி, சோடா உப்புப் போட்ட கொதிநீரில் ஊறவைத்து, குழாய் குழாயாக மெல்லிய தகட்டை விட்டுச் சேற்றைத் தள்ளினான். ஒழுகிய இடங்களில் ஈயம் பற்றவைத்தான். வாட்டர் பம்புக்குப் புது சீல் போட்டான். ஹோஸ், பேன் பெல்ட் எல்லாம் மாற்றினான். தெர்மோஸ்டாட்டைச் சுடுதண்ணீரில் போட்டு அது வாய் திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாட்டினான். இவ்வளவும் செய்து முடித்தபோது, விடாத மழையில் கீழக்குளத்துக் கரை ஓரிடத்தில் சரியத் தொடங்கியிருந்தது. சரிகிற இடத்துக்கு நேர் கீழே அவனுடைய வீடு. வீட்டில் அவன் மனைவி முப்பிடாதி, கால் முறிந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள்.

டிராக்டர் ஓடினால் மண்ணைத் தள்ளிக் கரையை மூடிவிடலாம். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே சூட்டு முள் சிவப்புக்கு ஏறியது. மேல் ஹோஸில் கை வைக்க முடியவில்லை. கீழ் ஹோஸ் தவளை வயிறு மாதிரிச் சில்லென்று இருந்தது. முதலில் ஊற்றியது மேலக்குளத்துத் தண்ணீர். முறைப்படி அது அடியில் போயிருக்க வேண்டும். போகவில்லை. மேல் டேங்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. கீழக்குளத்துத் தண்ணீர் கீழ் டேங்கில் இறுகிக் கிடந்தது.

இரண்டையும் வெளியேற்றிவிட்டு மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம் என்று அடிக்குழாயைத் திறந்தான். சொட்டுக்கூட வரவில்லை. காலி செய்தால் அனுபோக பாத்தியதை, இருந்து அனுபவித்த உரிமை, போய்விடும் என்று இரண்டு தண்ணீரும் பயந்தன. அதைத் தவறென்று சொல்ல வெயிலுமுத்துவுக்கு மனம் வரவில்லை.

லூர்துவை அனுப்பி நீர்க்கட்டி பலவேசத்தைக் கூட்டிவரச் சொன்னான். இரண்டு குளத்துக்கும் மடை திறந்து, வயலுக்கு வயல் முறை வைக்கிறவர் அவர். குடையும் மண்வெட்டியுமாக வந்தார். ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்து, ஆவி அடங்கியதும் காதை வைத்துக் கேட்டார்.

"என்னவாம் அண்ணாச்சி?"

"மேலது இறங்குனா மரியாதை போயிருமாம். அது குளிச்ச மிச்சம் எனக்கு எதுக்குங்குது கீழது."

"இஞ்சின் வெந்துரும்னு சொன்னீரா?"

"சொன்னேன்வே. கோர்ட்டுல பாத்துக்கிடுதோம்ங்குது ரெண்டும்."

போன் அடித்தது. முப்பிடாதி.

"ஏங்க, சுவத்துல ஈரம் ஏறிக்கிட்டே இருக்கு."

"கட்டிலத் தூக்க ஆள் வரலியா?"

"நாலு பேரு வந்தாக. தலமாட்டுல ரெண்டு பேரு மேலூரு, கால்மாட்டுல ரெண்டு பேரு கீழூரு. அவுக வடக்கங்காக, இவுக தெக்கங்காக. ஆளுக்கொரு பக்கம் இழுத்துட்டு இறக்கி வச்சிட்டுப் போயிட்டாக. போகையில மட்டும் ஒத்துமையாப் போனாக."

"நீ பயப்படாத."

"நான் எங்க பயந்தேன்? உங்க குரல்தான் ஒரு மாதிரியா இருக்கு."

போனைச் சட்டைப் பையில் போட்டான். கரையிலிருந்து ஒரு பாளம் மண் சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. அவன் பலவேசத்தைப் பார்த்தான்.

"முறை வச்சிருவோம்," என்றார் பலவேசம். "முறைக்குக் கட்டுப்படாத தண்ணிய நான் பாத்ததில்ல. ஆளுக்கு எவ்வளவு நேரம்?"

"வாட்டர் பம்பு ஒரு சுத்து சுத்துற நேரம்."

"கண்ணு சிமிட்டுறதுக்குள்ள போயிருமே."

"ஆமா."

பலவேசம் குடையை லூர்துவிடம் கொடுத்துவிட்டு பானட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். இஞ்சின் உறுமியது.

"மேல... கீழ... மேல... கீழ..."

மேல் தண்ணீர் தன் முறைக்கு இறங்கியது. கீழ்த் தண்ணீர் தன் முறைக்கு ஏறியது. ஒன்றையொன்று பார்க்காமல் கடந்துபோயின. வெயிலுமுத்து கீழ் ஹோஸைத் தொட்டுக்கொண்டே நின்றான். வெதுவெதுப்பு வந்தது. முள் சிவப்பை விட்டுப் பச்சைக்கு வந்தது. லூர்து கியரைப் போட்டான். செயின் மண்ணைக் கடித்து நகர்ந்தது.

முதல் குவியல் பள்ளத்துக்குள் விழுந்து மறைந்தது. இரண்டாவதும் மறைந்தது. அடுத்து விழுந்ததுதான் கொஞ்சம் நின்றது. அப்போது மேற்கே, மலைப்பக்கம், ஒரு திருவிழாக் கூட்டமே ஓடிவருகிற மாதிரிச் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, வெள்ளம் வருது. அதையும் முறையில நிப்பாட்ட முடியுமா?" என்று வெயிலுமுத்து கேட்டான்.

"மேல... வாறது மழைத்தண்ணி... கீழ... எந்தக் குளத்துலயும் பொறக்கல... மேல... ஊரு கெடயாது... நான் சொன்னா..."

முள் துள்ளி ஏறியது. ரேடியேட்டருக்குள் தள்ளுமுள்ளு கேட்டது.

"நீரு பேசாதியும்! முறையச் சொல்லும்!"

"கீழ... மேல... கீழ..."

குரல் கம்மத் தொடங்கியது. வெயிலுமுத்து சோடாப் பாட்டிலில் இருந்த குடிதண்ணீரை அவர் வாயில் ஊற்றினான். அது எந்தக் குளத்துத் தண்ணீர் என்று அவர் கண்ணாலேயே கேட்டார். கடையில் வாங்கியது என்று இவன் சைகை காட்டிய பிறகுதான் விழுங்கினார். விழுங்கும்போதும் மண்வெட்டிக் காம்பைத் தட்டி முறை சொன்னார்.

வெள்ளம் வந்து சேர்ந்தபோது ஓர் ஆள் நுழைகிற அகலத்துக்கு இடைவெளி பாக்கி இருந்தது. முன்னால் வந்த கொஞ்சம் அதன் வழியே புகுந்து சரிவில் இறங்கி ஓடியது. லூர்து கடைசிக் குவியலை அதன் முதுகுக்குப் பின்னால் தள்ளினான். இடைவெளி மூடியது. மிச்ச வெள்ளமெல்லாம் கரையில் மோதி, பின்வாங்கி, குளத்துக்குள் அடங்கியது.

உள்ளே புகுந்தது புகுந்ததுதான். அது தெருமுனையில் திரும்பி மறைவதை வெயிலுமுத்து பார்த்தான். அந்தத் தெருவில் அவன் வீடு ஒன்றுதான். போனை எடுக்கும்போது கிரீஸ் படிந்த கையில் அது வழுக்கியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான்.

"ஏட்டி, கேக்கா?"

"கேக்கு. ஏன் கத்துதீங்க?"

"வெள்ளம் அங்கதான் வருது."

"வந்திட்டு. வாசல்ல நிக்கி."

"எவ்வளவு உசரம்?"

"நெலை தலையில இடிக்கும், குனிஞ்சுதான் வரணும். உள்ள வரல. திரும்பித் திரும்பிப் பாக்கு."

"கூட வந்ததெல்லாம் கரைக்கு அந்தப் பக்கமே நின்னுட்டு."

"அதான் முழிக்குதா? பாவம்."

வெயிலுமுத்து செயினின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "நிக்க வைக்காத," என்றான். "உக்காரச் சொல்லு."

அவள் சொன்னாள். மிகப் பெரிய ஒன்று மெதுவாகத் தரையில் உட்காரும் சத்தம் போனில் வந்தது.

"உக்காந்திட்டு. தண்ணி குடிக்கியான்னு கேட்டேன். தலைய ஆட்டுது."

"குடு."

"நான் எங்க எந்திரிக்க? பானை அடுப்படியில இருக்கு, மோந்து குடின்னுட்டேன். ஏ, கட்டில இடிக்காம ஓரமாப் போ."

பானட்டின் மேல் பலவேசம் முறையை நிறுத்தவில்லை. முள் பச்சையில் நின்றது. போனில் பானை மூடியை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. வெள்ளம் ஒரு செம்பு தண்ணீர் குடித்தது. பிறகு செம்பைக் கழுவி, மேடையில் கவிழ்த்து வைத்தது.