பாட்டு ஐந்து, சண்டை நான்கு

பதினோரு வருஷமாக நான் நடத்தும் 'வயல் மேட்னி' இணையதளத்தில் அதிகம் பேர் படித்த பக்கம் எது தெரியுமா? ஓர் இருமலைப் பற்றி நான் எழுதியது. நாலாயிரம் பேர் படித்தார்கள். மற்ற நாட்களில் நாற்பது பேர் வந்தாலே என் மனைவி சகுந்தலாவிடம் போனை நீட்டிப் பெருமையடித்துக்கொள்வேன். "அந்த நாப்பது பேர்ல ஒருத்தராவது வந்து ஒரு கொடம் தண்ணி புடிச்சிக் குடுப்பாங்களா?" என்பாள்.

வேலை பெங்களூரில். மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி, பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி நல்ல மூடி, நசுங்கிய மூடி என்று பிரித்துவிட்டு, மறுபடியும் ரயிலில் நின்றுகொண்டே திரும்ப வேண்டும். நின்ற நிலையில் போனில் தட்டித்தான் இத்தனை வருஷமும் எழுதினேன். வெள்ளிக்கிழமை புதுப்படத்துக்கு முன்குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டைத் தியேட்டரில் மேட்னி பார்த்துவிட்டு விமர்சனம். வாரத்தில் எனக்கென்று இருப்பது அந்த இரண்டரை மணி நேரம்தான். அதில் யாராவது கை வைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

முன்குறிப்பில் பாட்டு எத்தனை, சண்டை எத்தனை, இடைவேளைக்கு முன்னாலா பின்னாலா என்று தவறாமல் போடுவேன். அது ஏகநாதன் மாமா கேட்டு வந்த வழக்கம். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் பாலகாட் லைனில் நாலு வீடு தள்ளி இருப்பவர். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கமான மைன்ஸ் மூடும்வரை பூமிக்கடியில் பாறையில் துளை போட்டவர். போனில் இருக்கும் சின்ன எழுத்து அவர் கண்ணுக்கு எட்டாது. மகள் இந்து படிக்கக் கேட்பார். கேட்ட கையோடு எனக்குப் போன் வரும்.

"இன்னாபா ராஜேந்திரா, காமெடியனப் பத்தி ஒரு வரிகூட எழுதல? அவன் இன்னா பாவம் பண்ணான்?"

நாலு வார்த்தை பேசுவதற்குள் "டவர் இல்லபா, வெக்கறேன்" என்று வைத்துவிடுவார். தியேட்டரில் என்னோடு உட்காரச் சொன்னால் மாட்டார். கதவுப் பக்கம் கடைசி வரிசைதான் வேண்டும். இந்த வயசில் என்ன சண்டைப் பைத்தியம் என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார்.

முன்குறிப்புக்கு வேண்டிய தகவல் அனிலிடமிருந்து வரும். என் கம்பெனியில் இரண்டாம் ஷிஃப்ட்காரன். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி பார்த்துவிட்டுச் சொல்வான். போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவன் போனை எடுக்கவில்லை. எனக்கோ வாரம் முழுக்க ஓவர்டைம், கால் இரண்டும் கெஞ்சின. டிரெய்லரில் துப்பாக்கி தெரிந்தது. போதாதா? 'பாட்டு ஐந்து, சண்டை நான்கு, முக்கால்வாசியும் இடைவேளைக்குப் பிறகு' என்று அடித்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், இடைவேளைக்குப் பிறகு சண்டையும் இல்லை, பாட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா, பக்கத்தில் மகன், இருவரும் காதோடு காதாகப் பேசுகிறார்கள். எனக்கே கண் கலங்கியது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஓர் இருமல் எழுந்தது. அடங்கியது, மறுபடி எழுந்தது. அம்மா கடைசியாக என்ன சொல்லிவிட்டுச் செத்தாள் என்பதே காதில் விழவில்லை. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் இருமாதவர் யார்?

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுதினேன். 'கடைசி வரிசை இருமல்காரருக்கு ஒரு வேண்டுகோள். ஐயா, ஷிஃப்ட் முடிந்துவிட்டது. கேஜ் வந்துவிட்டது. ஏறி வெளியே போங்கள். நாங்கள் படம் பார்க்க வேண்டும்.' சுரங்கத்திலிருந்து ஆட்களை மேலே ஏற்றி வந்த கூண்டைத்தான் இங்கே எல்லோரும் கேஜ் என்போம். என் அப்பாவும் அதில் இறங்கி ஏறியவர்தான். அப்படியிருந்தும் எழுதினேன். ஊரே சிரித்தது. வாட்ஸ்அப் குழுவுக்குக் குழு அந்த வரிகள் போயின. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

மாமாவிடமிருந்து மட்டும் போன் வரவில்லை. அடுத்த ஞாயிறு மேட்னிக்கும் அவர் வராததால் நேரிலேயே போனேன். கதவைத் திறந்த இந்து என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துண்டு.

"இன்னா மாமா, மேட்னிக்கு ஆளக் காணோம்?"

"கேஜ் வந்துடுச்சின்னியே பா" என்றார்.

அன்றைக்கு இருமியவர் அவர்தான். மேற்கொண்டு இந்துதான் பேசினாள்.

"இவருக்கு நெஞ்சு முழுக்க மைன்ஸ் தூசிண்ணா. சண்டை வந்தா சத்தமா இருக்கும், யாருக்கும் கேக்காதுன்னு அதுவரைக்கும் அடக்கி வெச்சிருந்து அப்பத்தான் இருமுவாரு. பாட்டு வந்தாலும் அப்படித்தான். அதுக்குத்தான் உங்களை எண்ணிப் போடச் சொன்னாரு. அன்னிக்கு நீங்க நாலு சண்டைன்னு போட்டீங்க."

பதினோரு வருஷம் டவர் இல்லை, டவர் இல்லை என்று அவர் போனை வைத்ததெல்லாம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன்னைத்தான் கெடுத்துக்கொள்ளும். நான் அவரைக் கெடுத்திருந்தேன்.

"அழிச்சிடறேன் மாமா."

"எதுக்குபா? நல்லாத்தான் எழுதிகீற. இந்து படிக்கறப்ப நானே சிரிச்சிட்டேன். சிரிச்சதுல இருமல் வந்துடுச்சி."

அங்கேயே அவர் முன்னால் அழித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை என்னோட வரணும்" என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டு, "சண்டை எத்தினி?" என்றார்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டேன். பெங்களூரில் காலைக் காட்சியில், கையில் வாட்சும் மடியில் நோட்டுமாக உட்கார்ந்தேன். முதல் சண்டை பதினெட்டாம் நிமிஷம், பாட்டு முப்பத்தொன்று, திருவிழா மேளம் ஐம்பத்து நான்கு. இடி மின்னலைக்கூட விடவில்லை. படத்தின் கதையைக் கேட்டிருந்தால் ஒரு வரி சொல்லியிருக்க மாட்டேன். கடைசிப் பதினைந்து நிமிஷத்தை விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினேன். அது முழுக்கச் சண்டைதான் என்று, விடியற்காலைக் காட்சியும் பார்த்திருந்த பக்கத்து சீட்காரர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சண்டை வருவதற்கு முன்னால் அவர் முழங்கையைத் தொடுவேன். அவர் துண்டை வாயில் வைத்து ஆசை தீர இருமிக்கொள்வார். திரையில் கார்கள் வெடிக்கும். பாட்டிலும் அப்படியே. இடைவேளையில் டீ குடித்தபோது, "நல்ல படம்பா" என்றார். நான் தப்பித்துவிட்டதாகவே நினைத்தேன்.

இருமலுக்கு என் நோட்டைப் பற்றி என்ன தெரியும்? இடைவேளைக்குப் பிறகு ஒரு சின்னப் பெண் தனியாக உட்கார்ந்து சாமி கும்பிடும் காட்சியில் அது வந்துவிட்டது. அடுத்த சண்டைக்கு ஆறு நிமிஷம் இருந்தது. மாமா துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வழிந்தது. அப்படியும் அது வெளியே வந்தது.

முன்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யோவ் பெருசு, கேஜ் வந்துடுச்சி. ஏறு."

தியேட்டர் முழுக்கச் சிரித்தது. நான் அழித்த வரி அது. ஊர் அதை மனப்பாடமே செய்து வைத்திருந்தது. எழுந்து நின்று, அதை எழுதிய நாய் நான்தான் என்று கத்த நினைத்தேன். எழுதும்போது இருந்த வேகத்தில் கால் பங்குகூட அப்போது என்னிடம் இல்லை.

மாமா எழுந்துவிட்டார். நான் கையைப் பிடித்தேன். மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"நீ உக்காருபா. முடிவு இன்னான்னு பாத்து எழுது. இந்துவ படிக்கச் சொல்றேன்."

கதவு திறந்து மூடியது. நானும் பின்னாலேயே ஓடினேன். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து வெயிலில் இருமிக்கொண்டிருந்தார். இங்கே அவர் எதையும் அடக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். உள்ளே சண்டை தொடங்கியிருந்தது. சுவரைத் தாண்டிச் சத்தம் வந்தது.

மாமா போய் மூன்று மாதம் ஆகிறது. அந்தப் படத்தின் முடிவு என்ன என்று இந்து ஒருநாள் கேட்டாள், அப்பா கேட்டுக்கொண்டே இருந்தாராம். எனக்குத் தெரியவில்லை.