சந்தேகத்துக்குக் கோட் கிடையாது

இயக்குநர் மிஸ்டர் ரோலோன் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று விசாரித்த அன்றுதான் நெய்தா சாயாஸுக்கு முதல் சந்தேகம் வந்தது. ஜனவரியிலிருந்து அந்தத் தொழிற்பயிற்சி இன்ஸ்டிடியூட் படியை ஏறி இறங்குகிறாள். ஒரு நாளாவது அந்த மனிதர் செல்போனிலிருந்து தலை தூக்கி வணக்கம் சொன்னதில்லை. இன்றைக்கு அம்மாவை விசாரிக்கிறார். கையில் ஒரு பெட்டி கேசிட்டோ வேறு. உள்ளே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டு, மேலே பாகு தடவிய அந்தப் பலகாரத்தை வகுப்பில் ஆளுக்கொன்று நீட்டிக்கொண்டே போனார். நெய்தாவின் அம்மா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது என்பது வேறு விஷயம்.

"நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அவள் கேசிட்டோவை வாங்காமல் உட்கார்ந்தாள்.

பக்கத்து இருக்கை யாதிரா அலிசேயாவுக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. நெய்தாவின் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, விரலில் ஒட்டிய பாகை நக்கியபடியே கேட்டாள்: "அடியே, உனக்குக் கடவுளே நேர்ல வந்து ஆசீர்வாதம் பண்ணினாலும் அடையாள அட்டையக் காட்டுன்னுதானே கேப்பே?"

"கேப்பேன். ரெண்டு கேப்பேன்."

யாதிராவுக்கு என்ன தெரியும்? அவள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் இல்லை. நெய்தா மலைமேல் ஊரில் உள்ளாடை தைக்கும் தொழிற்சாலையில் இளமையைத் தொலைத்தவள். அங்கே ஒரு மேலாளர் இருந்தார். கழிப்பறைக்குப் போனால் கடிகாரத்தைப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை முழுப் பன்றியை வறுத்து, துவரஞ்சோறு வடித்து, எல்லோருக்கும் தன் கையாலேயே பரிமாறினார். அன்று யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லவில்லை. கார்மின் என்றொருத்தி விளையாட்டுக்கு, தான் உட்கார்ந்து தைத்த நாற்காலியைக் கேட்டாள். மேலாளர் சிரித்த முகமாக அதைத் தூக்கிவந்து அவள் காரிலேயே ஏற்றிவிட்டார். தொழிற்சாலை நடத்துகிறவன் எதற்கு நாற்காலியைத் தானம் செய்கிறான் என்று அங்கே ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. திங்கட்கிழமை காலை தொழிற்சாலை கேட்டில் பூட்டுப் போட்ட சங்கிலி தொங்கியது. அன்றிலிருந்து இலவசச் சோறு என்றாலே நெய்தா கையால் தொடுவதில்லை.

இந்த முறை சங்கிலி தொங்கினால் அவளுக்கு எல்லாமே போச்சு. குராபோ ஊரில் டாக்டர் பகானின் கிளினிக்கில் பில் போடுகிற அம்மாள் டிசம்பரில் மகளோடு இருக்க ஒர்லாண்டோவுக்குப் போகிறாள். "சான்றிதழோட வாங்க, நாற்காலி உங்களுக்கு" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த நாற்காலிக்காகத்தான் நெய்தா ஐம்பது வயதுக்கு மேல் டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து, எந்த நோய்க்கு என்ன கோட் என்கிற குறியீட்டு எண், எந்த வைத்தியத்துக்கு என்ன கோட் என்று பார்த்து எழுதி, இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தாள். ஊசிக் காதில் நூல் கோத்த கண். புத்தகத்தின் பொடி எழுத்து அதற்கு ஒரு பொருட்டில்லை.

வகுப்பெடுத்தவள் மிஸ்ஸி இவெலிஸ். நெய்தாவின் கடைசி மகள் வயசுதான் இருக்கும், பெரியவள் என்ற மரியாதைக்கு நெய்தாவை 'டோன்யா' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் பாதிரியார்கூட எழுந்து நிற்க வேண்டும், அப்படி ஒரு கண்டிப்பு. அந்த வாரம் அவள் கொடுத்த பயிற்சியில் டாக்டர் இப்படி எழுதியிருந்தார்: இருமல், காய்ச்சல், நிமோனியாவாக இருக்கலாம். நெய்தா நிமோனியாவுக்குக் கோட் போட்டிருந்தாள். மிஸ்ஸி சிவப்பு மையால் அதை அடித்தாள்.

டாக்டரே அப்படித்தானே நினைக்கிறார் என்று நெய்தா வாதாடினாள்.

"நினைக்கிறார், டோன்யா நெய்தா. கண்டுபிடிக்கல. 'இருக்கலாம்', 'சந்தேகம்', 'போலத் தெரியுது', இதுக்கெல்லாம் கோட் கிடையாது. இருமல் இருக்கா, இருமல்னு எழுதுங்க. காய்ச்சல் இருக்கா, காய்ச்சல்னு எழுதுங்க. நீங்க சந்தேகத்துல ஒரு நோயை எழுதிட்டா அந்த ஆளு ஆயுசுக்கும் அதைச் சுமக்கணும். அழிக்கவே முடியாது."

நெய்தா தலையாட்டினாள். நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆனால் மனசுக்குள் ஏறவில்லை. ஏனென்றால் அவள் அப்போது மிஸ்ஸியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கும்படியாகத்தான் இருந்தது மிஸ்ஸியின் நடவடிக்கையும். அலுவலகத்துச் செயலாளர் ஜன்னலில் வளர்த்த செடியைத் தூக்கிக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை, அவள் இடத்துக்கு வேறு ஆளும் வரவில்லை. காபி இயந்திரம் பழுதென்று எடுத்துப்போனது போனதுதான். அதே சமயம் பார்த்து மிஸ்ஸி இடைவேளையை நிறுத்தினாள். சனிக்கிழமையும் வரச் சொன்னாள். பாடத்தைத் துரத்தித் துரத்தி நடத்தினாள். அதோடு நிற்காமல், மாலையில் கிளம்பும்போது அலமாரியிலிருந்து மாணவர்களின் கோப்புகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு போனாள். காலையில் திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

நெய்தா கூட்டிப் பார்த்தாள். வகுப்பு மணிநேரத்தைச் சீக்கிரம் ஓட்டிக் காட்டினால் மாணவர்கள் பேரில் வரும் அரசாங்க உதவித்தொகை முழுசாக உள்ளே வந்துவிடும். வந்ததும் கடையைச் சாத்தலாம். மிஸ்ஸியும் ரோலோனும் கூட்டு. கோப்புகளில் ஏதோ திருத்தவும் செய்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நெய்தாவுக்கோ பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது.

யாதிராவிடம் சொன்னபோது அவள் "ஆய் பெந்தீத்தோ, மிஸ்ஸியையா சந்தேகப்படறே?" என்று கடவுளைக் கூப்பிட்டு வாயில் கை வைத்தாள். மிஸ்ஸி ஒருமுறை தன் மதியச் சாப்பாட்டை அவளோடு பங்கு போட்டவளாம்.

"அதைத்தான் நானும் சொல்றேன். எதுக்குக் குடுத்தா?"

மறுநாள் நெய்தா மாடிக்குப் போய் ரோலோனின் கதவைத் தட்டினாள். மிஸ்ஸி கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்ற ஒரே சேதியைச் சொன்னாள். கூட்டாளியாக இருந்தால் முகம் மாறும், பார்த்துவிடலாம் என்பது அவள் கணக்கு. முகம் மாறத்தான் செய்தது. ஆனால் அவள் நினைத்த மாதிரி இல்லை. அந்த மனிதர் உண்மையிலேயே திடுக்கிட்டார். பிறகு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களைப் போல அக்கறை உள்ளவர்கள்தான் இந்த இன்ஸ்டிடியூட்டின் சொத்து என்று சொல்லி, மேஜை மேலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு கேசிட்டோவைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்து அனுப்பினார்.

பாதிப் படி இறங்கிய பிறகுதான் நெய்தா தன் கையைப் பார்த்தாள். பாகு காகிதத்தை ஊறவைத்து விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே மிஸ்ஸி ஏறி வந்துகொண்டிருந்தாள். அவளும் கேசிட்டோவைப் பார்த்தாள், நெய்தாவின் முகத்தைப் பார்த்தாள், ஒதுங்கி வழிவிட்டாள். நெய்தா அதைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

அன்று மாலையே அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி ரோலோனின் இடுப்பு வளையத்துக்குப் போனது. வாசலில் மிஸ்ஸியின் பையைத் திறந்து காட்டச் சொன்னார், மாணவர்கள் எல்லோர் கண் முன்னாலும். அவள் திறந்து காட்டினாள். சாப்பாட்டு டப்பாவும் குடையும்தான் இருந்தன. யாதிரா நெய்தாவைத் திரும்பிப் பார்த்தாள். நெய்தா சுவரில் இருந்த மனித உடல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரக் கடைசியில் ரோலோன் இன்னொரு நல்ல சேதியோடு வந்தார். வெள்ளிக்கிழமை மதியம் பின்புறம் கார் நிறுத்தும் இடத்தில் விருந்து. அவருடைய செலவு. முழுப் பன்றி.

வகுப்பே கைதட்டியது. நெய்தாவுக்குத் தொழிற்சாலைச் சங்கிலி ஞாபகம் வந்தது. வகுப்பு முடியும்வரை காத்திருந்து மிஸ்ஸியைப் படிக்கட்டில் மடக்கி, மூடப்போகிறார்களா என்று நேராகக் கேட்டுவிட்டாள். மிஸ்ஸி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சந்தேகத்துக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்ல, டோன்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை. கீழேயிருந்து கரிப்புகையும் வறுபடும் தோலின் மணமும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தன. யாருக்கும் பாடத்தில் புத்தியில்லை. மிஸ்ஸி கதவைச் சாத்தினாள். புத்தகத்தில் பல பக்கங்களைத் தாண்டிப் புரட்டி, ஒரு கடைசிப் பாடம் இருக்கிறது என்றாள்.

"இதுவரைக்கும் வந்துட்டு வீட்டுக்குப் போற நோயாளிங்களைப் பாத்தோம். அவங்க விஷயத்துல சந்தேகத்துக்குக் கோட் இல்ல. ஏன்னா நாளைக்குத் திரும்ப வருவாங்க, அப்போ தெரிஞ்சுக்கலாம். ஆனா ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தவங்களுக்கு வேற சட்டம். டிஸ்சார்ஜ் ஆகுற அன்னிக்கும் டாக்டர் 'இருக்கலாம்'னே எழுதியிருந்தா, இருக்குன்னே எடுத்துக்கிட்டுக் கோட் போடணும்."

அது என்ன நியாயம் என்று யாதிரா கேட்டாள். நேற்றுவரை கூடாது, இன்றைக்கு மட்டும் ஆகுமா?

"போறவங்க திரும்ப வரமாட்டாங்க, அதான். இனிமே கண்டுபிடிக்க நாள் இல்ல." மிஸ்ஸி புத்தகத்தை மூடினாள். குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்லக்கூடாத விஷயம்னு சிலது இருக்கு. சொல்ல மாட்டேன்னு எழுதி வாங்கியிருக்காங்க. அதனால ஒண்ணே ஒண்ணுதான் சொல்றேன். நீங்க எல்லாரும் என்கிட்ட ஜனவரியிலேருந்து அட்மிட் ஆகியிருக்கீங்க. இன்னிக்கு டிஸ்சார்ஜ்."

யாரோ ஒருத்தி அழத் தொடங்கினாள். மிஸ்ஸி மேஜை இழுப்பறையிலிருந்து உறைகளை எடுத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கொடுத்தாள். படித்த மணிநேரம், மதிப்பெண், அவள் கையெழுத்து, இன்ஸ்டிடியூட் முத்திரை. இது கையில் இருந்தால் வேறு எந்த இடத்திலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இல்லாவிட்டால் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றாள். செயலாளர் போனபின் அவளே இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியவை. அலிசேயா வாங்கினாள். ஆங்கில எழுத்து வரிசையில் ரிவேராக்கள் வரை எல்லோரும் வாங்கினார்கள், ரிவேராக்கள் மட்டுமே நாலு பேர். அதோடு உறைகள் தீர்ந்துவிட்டன.

"மத்தவங்களுக்கு எழுதறதுக்குள்ள அலமாரியப் பூட்டிட்டாங்க" என்றாள் மிஸ்ஸி. "மன்னிச்சுக்குங்க."

சாந்தியாகோ, தோரெஸ், வேலெஸ். கடைசியாக, இசட் எழுத்தில் தொடங்கும் சாயாஸ். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். தவளையாவது தான் மட்டும் கெடும், இவள் மூன்று பேரைச் சேர்த்துக் கெடுத்திருந்தாள். நெய்தாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. வெட்கத்தில் அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது. மற்றவர்கள் படியிறங்கும்வரை இருந்து மிஸ்ஸியிடம் போனாள்.

"யார் போய்ச் சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, மிஸ்ஸி?"

"ஒரு கேசிட்டோவப் பாத்தேன். அவ்வளவுதான். அதை வச்சு நான் யார் பேரையும் எழுதல."

"இன்னிக்கு டிஸ்சார்ஜ், மிஸ்ஸி. எழுதிக்குங்க."

நெய்தா பதிலுக்கு நிற்கவில்லை. தடதடவென்று கீழே இறங்கினாள். பன்றி வறுக்கும் நாளைப் பற்றி இந்த ஊரில் அவளைவிட அறிந்தவர் யார்? அன்றைக்கு விருந்து வைக்கிறவர்களால் எதையும் மறுக்க முடியாது. மறுத்தால் சிரிப்பு கலையும், சிரிப்பு கலைந்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

ரோலோன் ஏப்ரன் கட்டிக்கொண்டு கத்தியோடு நின்றார். சுற்றிலும் வகுப்பு முழுக்கத் தட்டேந்தி நின்றது, ஒருவரும் சாப்பிடவில்லை. நெய்தா ஒரு தட்டை நீட்டினாள். மொறுமொறு தோலாகப் பார்த்து வைத்தார்.

"இவ்வளவு செய்யறீங்க, மிஸ்டர் ரோலோன். அந்த அலமாரிச் சாவியும் குடுத்தீங்கன்னா மிச்சம் நாலு பேரோட சான்றும் எழுதி முடிஞ்சிரும்."

"திங்கட்கிழமை பாத்துக்கலாமே, டோன்யா" என்றார் அவர், தேனாக.

"திங்கட்கிழமை நீங்க இருப்பீங்கள்ல?"

கொழுப்பு கரியில் சொட்டி சுர்ரென்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ரோலோன் ஏப்ரனில் கையைத் துடைத்தார். சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு இடுப்பு வளையத்திலிருந்து சாவியைக் கழற்றினார். அதில் பன்றிக் கொழுப்பு பிசுபிசுத்தது.

மேலே மிஸ்ஸி எழுதினாள். நெய்தா கோப்பிலிருந்து மணிநேரத்தை வாசித்து, எழுதியதில் முத்திரை குத்தினாள். சாந்தியாகோ முடிந்தது, தோரெஸ் முடிந்தது, வேலெஸ் முடிந்தது. நெய்தா முத்திரையை மேஜையில் வைத்தாள். தன் பெயரை வாசிக்க அவளுக்கு வாய் வரவில்லை.

மிஸ்ஸி கையை நீட்டிக் கடைசிக் கோப்பைத் தானே இழுத்துக்கொண்டாள். விறுவிறுவென்று எழுதி, முத்திரையையும் தானே குத்தி நீட்டினாள்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க, டோன்யா. அது இன்னும் இல்ல. ஆனா இத்தனை மணிநேரம் நீங்க வந்து உக்காந்தது உண்மை. அதைத்தான் எழுதியிருக்கேன்."

நெய்தா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.