காய்ந்த விளக்குமாறு

இதனால் சகலமானவர்களுக்கும் தெரியப்படுத்துவது என்னவென்றால், ராக்கெட்டின் மேல் அடுக்கைத் தள்ளப்போகும் கிரையோஜெனிக் எஞ்சின் இன்று பகல் பதினொரு மணிக்கு எழுநூறு நொடி எரிந்து தேசத்தின் தலையை நிமிர்த்தும். கேன்டீனில் கேசரி இலவசம்.

நோட்டீஸ் பலகைக்குக் கீழே ஒப்பந்தத் தொழிலாளி சொரிமுத்து காத்து நின்றார். கையில் ஆள் உயரக் கம்பில் கட்டிய ஈர்க்கு விளக்குமாறு. ஹைட்ரஜன் நெருப்பு பகலில் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் அணைந்ததும் குழாயோரமாக ஒருவர் விளக்குமாற்றை நீட்டிக்கொண்டு முன்னே போக வேண்டும். ஈர்க்கு பற்றினால் அங்கே கசிவு எரிகிறது. கோடிகளைக் கொட்டிக் கட்டிய சோதனை மேடையின் கடைசிப் பாதுகாப்பு அதுதான்.

முன்பு அதைப் பிடித்தவர் பீடி இருமல்காரர் ஏசுவடியான். இரண்டு வருஷத்துக்கு முன், ராத்திரி மழையில் நனைந்த விளக்குமாற்றோடு போனார். ஈர்க்கு பற்றவில்லை. குழாயின் மூன்றாவது வளைவில் அவர்தான் பற்றினார். அவருடைய கேட் பாஸில் தோட்ட வேலை என்று இருந்ததால், மேடையில் விபத்துச் சாவு எதுவும் நடக்கவில்லை என்று எழுதி முடித்தார்கள்.

அன்றிலிருந்து சொரிமுத்து விளக்குமாற்றை ஷெட் கூரையில் போட்டு முறுகக் காயவைத்தார். ஆனாலும் மூன்றாவது வளைவை நெருங்கும்போதெல்லாம், முன்னால் யாரோ பீடி இருமல் இருமுவது அவருக்குக் கேட்கும்.

சூப்பர்வைசர் ஞானதிரவியம் ஒரு வெள்ளைக் கோட்டோடு வந்தார்.

"இதைப் போட்டுக்கிடும். விளக்குமாறு இன்னைக்கு வேண்டாம்வே."

"அப்ப நெருப்பை எதை வச்சுப் பாக்க, அண்ணாச்சி?"

"தீயைக் காட்டுற கேமரா இருக்குல்லா."

"அது வைகாசியிலேயே செத்துப்போச்சே."

"டெல்லியிலேர்ந்து டிவிக்காரன் வந்து நிக்கான். வானத்துக்குப் போற எஞ்சின் முன்னால நீரு தொழுவம் பெருக்கப் போற மாதிரி போனா நாடு சிரிக்காதா?"

"கோட்டு நல்லாத்தான் இருக்கு. எரியவும் நல்லா எரியும்."

"உம்ம பாஸ் இன்னையோட முடியுது. புதுசு போடணுமா, வேண்டாமா?"

சொரிமுத்து விளக்குமாற்றைத் திரும்பக் கூரைமேல் போட்டார்.

எஞ்சின் எழுநூறு நொடி மலையை உலுக்கிவிட்டு அணைந்தது. விருந்தினர் இருந்த கண்ணாடி மாடத்தில் கைதட்டல். சொரிமுத்து வெறுங்கையோடு நடந்தார். முதல் வளைவு தாண்டிற்று. இரண்டாவதும் தாண்டிற்று. மூன்றாவதில் இருமல் கேட்டது. இந்த முறை காதோரமாக.

நின்றார்.

"நிக்காதேயும்வே," வயர்லெஸ்ஸில் ஞானதிரவியம் கிசுகிசுத்தார். "எல்லாரும் பாக்காங்க."

வலது கை சோற்றுக்கு வேண்டும். இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஓர் அடி வைத்தார். தீ என்று எதுவுமே தெரியாத இடத்தில், வெள்ளைக் கோட்டின் கை கறுத்துச் சுருண்டது.

சாயங்காலம் பெரியாஸ்பத்திரியில், கட்டுப் போடாத கையில் ஞானதிரவியம் புதுப் பாஸை வைத்தார். தோட்ட வேலை என்று இருந்தது. நோட்டீஸ் பலகையில், சோதனை முழு வெற்றி, ஆளுக்கோ பொருளுக்கோ சேதமில்லை என்று ஒட்டியிருந்தார்கள்.

கூரைமேல் விளக்குமாறு நன்றாகக் காய்ந்திருந்தது.