தமிழ்மாறன் போட்டுக் கொடுத்த தடுப்பு

விடியுமுன்னே, சுரங்கத்திலிருந்து கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் குனிந்துவிட்டான் தமிழ்மாறன். ராத்திரி மழையில், சிந்திய நிலக்கரி சேறாய் இறுகிக் கிடந்தது. மண்வெட்டியால் வாரும் ஒவ்வொரு முறையும் இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. போன வாரம் இதே இடத்தில்தான் பெல்ட்டின் உருளை, கூட வேலை செய்த குழந்தைவேலின் மூன்று விரல்களை இழுத்துக்கொண்டது. வீட்டில் விறகு வெட்டியபோது போனதாகக் கான்ட்ராக்டர் எழுதிவிட்டார். உள்ளதை உள்ளபடி எழுதியது, வடலூரிலிருந்து சகாயமேரி நடத்தும் இணையச் செய்தித்தளம் ஒன்றுதான்.

அதுவும் இந்த மாதத்தோடு மூடப்போகிறது. நேற்று அவளே போனில் சொன்னாள்.

"படிக்கிறவங்க நெறைய பேரு. விளம்பரந்தான் யாரு போன்லயும் வர்றதில்ல. அதுல வர்றத வச்சுத்தான் நடத்திக்கினு இருந்தேன். யாரோ புண்ணியவான் உங்க ஆளுங்க போன்ல எல்லாம் விளம்பரமே வராத மாதிரி தடுப்பு போட்டுக் குடுத்திருக்காரு."

அந்தப் புண்ணியவான் இவன்தான்.

நல்லதென்றுதான் செய்தான். ரம்மி விளம்பரத்தைத் தொட்டுத் தொட்டுக் குழந்தைவேல் ஒரு மாதச் சம்பளத்தை விட்டபோது, ஷெட்டில் உட்கார்ந்து எல்லார் போனிலும் விளம்பரங்களைத் தடுக்கும் ஆப் ஒன்றை ஏற்றினான். அடுத்த ஷிப்ட்டுக்கும் கற்றுக்கொடுத்தான். குடியிருப்பில் பிளாக் பிளாக்காகப் பரவியது. சகாயமேரியோ சூதாட்ட விளம்பரமே வேண்டாமென்று ஒதுக்கியவள். ரம்மிக்காரனையும் அவளையும் ஒரே கதவால் சாத்திவிட்டோமே! ஓசியில் படித்தோமே, எழுதுகிறவள் எதைத் தின்பாள் என்று ஒருநாளாவது யோசித்தோமா? அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

டீ நேரத்தில், தளம் மூடப்போவதையும் அதற்குத் தான் போட்ட தடுப்புதான் காரணம் என்பதையும் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. அவனோடு கரி வாரும் கண்ணகி தன் போனை நீட்டினாள்.

"நாங்க கேட்டுத்தான போட்ட. அவங்களுக்கு மட்டும் தொறந்து வுடு. ரம்மிக்காரன் வெளியவே கெடக்கட்டும்."

போன்கள் வரிசையாக நீண்டன. அந்த நேரம் பார்த்துக் கான்ட்ராக்டர் வந்து நின்றார்.

"என்னய்யா கூட்டம்? அந்தப் பொம்பள எழுதினதுக்கு ஒரு சாட்சி உண்டா?"

தமிழ்மாறன் எழுந்து நின்றான். "நான் பாத்தேங்க. பெல்ட்லதான் போச்சு. எம் பேரப் போட்டே எழுதச் சொல்றேன்."

"நாளைக்கு உனக்கு கேட் பாஸ் கெடையாது."

"நானுந்தாங்க பாத்தேன். எனக்கும் பாஸ் வாணாம்," என்றாள் கண்ணகி.

பின்னால் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவர்களோடு நின்றார்கள். கான்ட்ராக்டர் முகங்களை எண்ணிப் பார்த்தார். நாளை எத்தனை பேருக்கு வேலை இருக்குமோ, யாருக்கும் தெரியாது. தமிழ்மாறன் வடலூருக்குப் போன் போட்டான்.

"எழுதிக்குங்க மேடம். மொதல்ல நான் செஞ்ச தப்பச் சொல்லிடறேன். அப்பறம் இங்க இருக்கிற எல்லாரும் பேர் சொல்றோம்."