கருவிக் கோளாறு

அப்பாவின் முகத்தில் உட்கார வந்த ஈயைத் துண்டால் விரட்டிக்கொண்டே அம்மா நாலாவது தடவையாக அதையே சொன்னாள்.

"காலையில இவதான் அவர் கையைப் பிடிச்சுத் தேய்ச்சு விட்டுட்டுப் பள்ளிக்கூடம் போனா. பெத்த பொண்ணு கைச்சூட்டோட போயிருக்கார். அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்க?"

வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பக்கத்தில் இருந்த மகளுக்கு உட்கார்ந்த பெஞ்சு முள்ளாகக் குத்தியது.

கல் அறுக்கும் பட்டறையில் இருபது வருஷம் தூசியைத் தின்ற மனிதர் அப்பா. பதினோராம் வகுப்பு மகளின் ஆராய்ச்சியும் அந்தத் தூசியைப் பற்றித்தான். பள்ளிக்கூடம் அவளுக்கு நுரையீரல் பேராசிரியர் ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்துக் கொடுத்திருந்தது. பட்டறை ஆட்கள் முப்பது பேரின் விரலில் தினமும் சின்னக் கருவியை மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். அத்தனை பேரையும் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துக் கொடுத்ததே அப்பாதான். "என்ன விஞ்ஞானி, கிளிப் மாட்டி என்னைக் கொடியில காயப்போடப் போறியா?" என்று விரலை நீட்டுவார். தொண்ணூற்று நாலு, சில நாள் தொண்ணூற்று மூன்று.

இன்று காலை எண்பத்தொன்று.

விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அதனால் கையைத் தேய்த்துச் சூடாக்கினாள். எண்பத்திரண்டு. பேட்டரியை மாற்றினாள். மறுபடியும் எண்பத்தொன்று. "கொஞ்சம் அசதியா இருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. எழுத்து வாசனையே இல்லாத ஒருத்தியாக இருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பாள். இந்தக் கெட்டிக்காரி எண்ணைப் பார்த்தாள். நோட்டில் குறித்திருந்த அந்த எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் 'கருவிக் கோளாறு' என்று எழுதிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள். பதினொரு மணிக்கு அவளை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள்.

பேராசிரியர் மதியம் வந்தார். அவரை உள்ளறைக்கு அழைத்துப்போய் நோட்டைக் காட்டினாள். அவர் படித்தார். கருவியைத் தன் விரலில் மாட்டினார், தொண்ணூற்றெட்டு. அவள் விரலில் மாட்டினார், தொண்ணூற்றெட்டு.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "தப்பு என்னோடதும்மா. எண் குறைஞ்சா கருவியைப் பாருன்னு சொன்னேன். ஆளைப் பாருன்னு சொல்லாம விட்டுட்டேன்."

"அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா, சார்?"

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "பொழைச்சிருக்கலாம்."

அவள் வெளியே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வாசலில் பெரியத்தை செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை அந்தப் பேச்சைக் கேட்க மகளுக்குத் தெம்பில்லை. குனிந்து அம்மாவின் காதில் சொன்னாள்.

"அம்மா, அதைச் சொல்லாதேம்மா. அப்பாவுக்கு மூச்சு குறையுதுன்னு மிஷின் காலையிலேயே காட்டுச்சு. மிஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். மிஷினுக்காகத்தாம்மா தேய்ச்சேன்."



பெரியத்தை அழுதுகொண்டே வந்தாள். "எப்படிடி ஆச்சு? காலையில யாரு பக்கத்துல இருந்தது?"

அம்மா வாயைத் திறந்து மூடினாள். தன் மடியில் இருந்த மகளின் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தாள்.

"உட்காருங்க அண்ணி" என்று நகர்ந்து, தனக்கும் மகளுக்கும் நடுவில் இடம் விட்டாள்.